கரபாட்டிச் டோக்கியோவோடு நிறுத்தியிருக்க வேண்டுமா?

8 ஆகஸ்ட் 2024, காலை
குடியாத்தத்துக்காரன் கேட்டது:

நேற்று லில் நகரில் ஒலிம்பிக் ஹேண்ட்பால் (கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம்) கால் இறுதி. பிரான்ஸ் கூடுதல் நேரத்தில் ஜெர்மனியிடம் 34–35 என்று தோற்றது. பிரான்ஸ் வீரர் நிகோலா கரபாட்டிச்சுக்கு அதுதான் கடைசி ஆட்டம். வயது 40. 2021-ல் டோக்கியோவில் மூன்றாவது ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அன்றே ஷூவைக் கழற்றியிருந்தால் எவ்வளவு கெத்தாக இருந்திருக்கும்? எப்போது கிளம்ப வேண்டும் என்று ஒரு சாம்பியனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? சொந்த ஜனங்கள் முன்னால் இப்படியா?

8 ஆகஸ்ட் 2024, இரவு
பழைய பிவட்:

தம்பி, டோக்கியோவோடு கிளம்பியிருந்தால் இந்த ஜனவரி 28-ம் தேதி கொலோனில் டென்மார்க்கை 33–31 என்று ஜெயித்த அணியில் அவர் இருந்திருக்க முடியுமா? அது அவருடைய நான்காவது யூரோ (ஐரோப்பிய சாம்பியன்ஷிப்) தங்கம். 2006, 2010, 2014, 2024. முதல் தங்கத்துக்கும் கடைசித் தங்கத்துக்கும் நடுவில் 18 வருடம். அதற்குள் நம்ம வேலூர் மாவட்டத்தையே மூன்றாக உடைத்துவிட்டார்கள், அந்த ஆள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

நேற்று தோற்ற விதத்தையும் பாருங்கள். முழு நேரம் முடிய ஆறு விநாடி. பிரான்ஸ் ஒரு கோல் முன்னால், பந்தும் அவர்கள் கையில். டைம்-அவுட் எடுத்துப் பேசிவிட்டு வந்து டிகா மேம் போட்ட பாஸ் ஜெர்மனியின் கோஸ்டர் கையில் போய் விழுந்தது. உஷ்சின்ஸ் அதை வாங்கி அடித்தார், 29–29. இதில் கிழவர் தலையில் பழி போட என்ன இருக்கிறது?

9 ஆகஸ்ட் 2024
பழைய பிவட்:

வாலாஜா அண்ணன் "யார்பா இந்த ஆள், கிரிக்கெட்டில் கேள்விப்பட்ட பெயராக இல்லையே" என்று கேட்டிருக்கிறார். சரி, சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் முடிந்து உட்கார்ந்திருக்கிறேன், நேரம் இருக்கிறது.

1984 ஏப்ரலில் யூகோஸ்லாவியாவின் நிஷ் நகரத்தில் பிறந்தவர். அப்பா பிராங்கோ குரோஷியாக்காரர், ஹேண்ட்பால் கோல்கீப்பர். அம்மா செர்பியாக்காரர், டாக்டர். பையன் சின்னதாக இருக்கும்போதே குடும்பம் பிரான்சுக்குப் போய்விட்டது. தம்பி லூகா பிரான்சில் பிறந்தான், அவனும் பிரான்ஸ் அணியில் ஆடினான், எதிரணித் தடுப்புக்கு நடுவில் நிற்கும் பிவட், நான் ஆடிய அதே இடம். (அதனால் எனக்கு லூகாதான் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். சொந்தக்கார பாசம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.)

மோன்ட்பெல்லியே கிளப்பில் ஆரம்பித்தார். 2003-ல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி இரண்டு ஆட்டமாக நடந்தது. ஸ்பெயின் போய் சான் அன்டோனியோவிடம் 19–27 என்று உதை வாங்கினார்கள். எட்டு கோல் பின்னால். திரும்பி வந்து சொந்த ஊரில் 31–19. பிரெஞ்சு கிளப் ஒன்று அந்தக் கோப்பையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. அப்போது அவருக்கு 19 வயது. 2005-ல் ஜெர்மனியின் கீல் போனார். 2007-ல் அங்கே லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் ஒரே சீசனில். அந்த வருடம் உலகின் சிறந்த வீரர் பட்டம். 2014, 2016 என்று இன்னும் இரண்டு முறை அதே பட்டம். கீலுக்குப் பிறகு மறுபடி மோன்ட்பெல்லியே, கொஞ்ச நாள் எக்ஸ் என்ற பிரெஞ்சு கிளப், பார்சிலோனா, கடைசியாக 2015 முதல் பாரிசின் பி.எஸ்.ஜி.

ஒலிம்பிக் தங்கம் 2008, 2012, 2021. 2016 ரியோவில் வெள்ளி. உலக சாம்பியன் 2009, 2011, 2015, 2017. போதுமா அண்ணே?

9 ஆகஸ்ட் 2024, பின்னிரவு
பழைய பிவட்:

ஒன்று விட்டுப்போச்சு. உயரம் 196 சென்டிமீட்டர். நம்ம ஊரில் அந்த உயரத்துக்கு ஒரு பையன் வளர்ந்தால் ஹேண்ட்பால் கண்ணில் படுவதற்கு முன்னால் வாலிபால் மாஸ்டர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசிவிடுவார். எங்கள் அணியில் நல்ல உயரமானவன் கோலியாகத்தான் (கோல்கீப்பர்) நிற்பான், ஏனென்றால் அவனுக்கு ஓட வராது.

12 ஆகஸ்ட் 2024
பழைய பிவட்:

எதிர்பார்த்தேன். நேற்று இறுதியில் டென்மார்க் ஜெர்மனியை 39–26 என்று துவைத்ததும் தம்பி ஓடி வந்துவிட்டார். "பாருங்கள் ஹான்சனை, அவரும் இதே ஒலிம்பிக்கோடுதான் ஓய்வு, கழுத்தில் தங்கத்தோடு போகிறார், இதுதான் விடைபெறும் லட்சணம்."

மிக்கெல் ஹான்சன் பெரிய ஆள், மறுக்கவில்லை. அவரும் மூன்று முறை உலகின் சிறந்த வீரர். 2016 ரியோ இறுதியில் கரபாட்டிச்சைத் தோற்கடித்து 28–26 என்று தங்கம் வாங்கியவர். பி.எஸ்.ஜி.யில் இரண்டு பேரும் ஏழு வருடம் ஒரே டிரெஸ்ஸிங் ரூம். ஆனால் இந்த ஒலிம்பிக்கில் டென்மார்க்கை இழுத்துப் போனது மத்தியாஸ் கிட்சல். ஹான்சன் வந்தார், பெனால்டி அடித்தார், உட்கார்ந்தார். அவருடைய விடைபெறுதல் அழகாக இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்த அணியின் பிள்ளைகள். நம்மவருக்கு அந்த ஆறு விநாடி சரியாக அமைந்திருந்தால் அரையிறுதி போயிருப்பார்கள், இந்த இழையே வந்திருக்காது.

சரி, தம்பி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை யோசிக்கிறேன். 40 வயதுக்காரர் ஒருவர் இடத்தைப் பிடித்திருந்தால் 24 வயதுக்காரன் ஒருவன் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறான் என்று அர்த்தம். அந்த 24 வயதுக்காரனாக நான் இருந்திருக்கிறேன், ஒலிம்பிக்கில் இல்லை, மாவட்ட அணியில். வலிக்கும்.

25 ஆகஸ்ட் 2024
பழைய பிவட்:

வேலூரில் ஹேண்ட்பால் எங்கே ஆடினீர்கள், உள்ளரங்கமா என்று கேட்ட பெங்களூர்வாசிக்கு: சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். மண் தரை. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், மேலே வானம். சித்திரை வெயிலில் காலை ஆறரைக்கு மேல் நிற்க முடியாது. சாயங்காலம் ஆரம்பித்தால் கோட்டை பக்கமிருந்து வரும் காற்றில் புழுதி கண்ணை மறைக்கும்.

கோடு போடுவதே எனக்குப் பிடித்த வேலை. கோலைச் சுற்றி வரும் ஆறு மீட்டர் கோட்டை முழு அரைவட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. கயிற்றின் ஒரு முனையை ஒரு கோல் கம்பத்தின் அடியில் பிடித்துக்கொண்டு, ஆறு மீட்டர் அளந்த மறுமுனையில் ஒருவன் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே கால் வட்டம் நடக்க வேண்டும். மறு கம்பத்திலிருந்து அதே மாதிரி இன்னொரு கால் வட்டம். கோல் அகலம் மூன்று மீட்டர், அதனால் நடுவில் மூன்று மீட்டருக்கு நேர்கோடு வந்து இரண்டையும் சேர்க்கும். கயிறு ஈரமாக இருந்தால் நீளும், கோடு கோணிக்கொள்ளும். எங்கள் பி.டி. மாஸ்டர் அதைக் கண்ணாலேயே கண்டுபிடித்துக் காலால் அழித்துவிட்டு, "மறுபடி போடு" என்பார். ஒன்பது மீட்டர் கோடு விட்டுவிட்டுப் போடுவது. அது பாதி ஆட்டத்திலேயே காணாமல் போய்விடும், அப்புறம் ரெப்ரி எங்கே நிற்கச் சொல்கிறாரோ அதுதான் ஒன்பது மீட்டர்.

ஐரோப்பாவில் விரலில் பைன் மரப் பிசின் தடவிக்கொண்டு ஆடுவார்கள். பந்து கையோடு ஒட்டி நிற்கும், மணிக்கட்டைத் திருப்பி என்ன வேண்டுமானாலும் செய்யலாம். எங்களுக்கு ஒரு சீனியர் எங்கிருந்தோ பிசின் கொண்டுவந்து கொடுத்தார். தடவிக்கொண்டு பந்தை ஒருமுறை தரையில் தட்டினோம். மைதானத்து மண் பூராவும் பந்தில் ஏறிவிட்டது. எங்கள் கோலி அதைத் தொடமாட்டேன் என்று ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

26 ஆகஸ்ட் 2024
பழைய பிவட்:

பெங்களூர்வாசி திருப்பிக் கேட்கிறார், மண்ணில் எப்படி டைவ் அடித்துக் கோல் போடுவீர்கள் என்று. அடிப்போம். இடது முழங்கையைப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும்.

7 செப்டம்பர் 2024
பழைய பிவட்:

"பி.எஸ்.ஜி.யில் ஒன்பது சீசன் இருந்து ஒரு சாம்பியன்ஸ் லீக் கூட இல்லை, அதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று ஆற்காட்டு நண்பர் பிடித்துக்கொண்டார். பதில் இல்லை. 2017 இறுதியில் கொலோனில் வார்டார் என்ற கிளப்பிடம் 23–24. கடைசி விநாடியில் வாங்கிய கோல். அந்த அணியில் ஹான்சன், ஓமெயர், நார்சிஸ், அபாலோ என்று பணத்தைக் கொட்டிச் சேர்த்த கூட்டம் இருந்தது. அதை வைத்தும் வாங்க முடியவில்லை என்பது குறைதான்.

ஆனால் மூன்று நாட்டு கிளப்புகளோடு மூன்று சாம்பியன்ஸ் லீக் கையில் இருக்கிறது: பிரான்சின் மோன்ட்பெல்லியே, ஜெர்மனியின் கீல், ஸ்பெயினின் பார்சிலோனா. அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் பேச வேண்டும். கொலோன் அரங்கமும் அவருக்கு ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. 2015-ல் பார்சிலோனாவோடு ஜெயித்தது அங்கேதான், 2017-ல் தோற்றது அங்கேதான், இந்த ஜனவரியில் யூரோ தூக்கியதும் அங்கேதான்.

21 செப்டம்பர் 2024
பழைய பிவட்:

பந்தய விவகாரத்தை யாராவது கிளப்புவார்கள் என்று தெரியும். காட்பாடி நண்பர் கிளப்பிவிட்டார். மழுப்ப மாட்டேன்.

2012 மே மாதம். மோன்ட்பெல்லியே லீக் பட்டத்தை ஏற்கெனவே உறுதி செய்துவிட்டது. செசோன் என்ற சின்ன அணியோடு ஓர் ஆட்டம். பாதி நேரத்தில் மோன்ட்பெல்லியே பின்தங்கியிருக்கும் என்று வழக்கத்துக்கு மீறிய பணம் பந்தயமாக விழுந்தது. அப்படியே பின்தங்கியது, ஆட்டமும் தோற்றது. கரபாட்டிச் காயத்தில் இருந்தார், அந்த ஆட்டத்தில் ஆடவில்லை. ஆனால் பந்தயம் கட்டியவர்கள் வரிசையில் வீரர்களும் அவர்களுடைய வீட்டுப் பெண்களும் இருந்தார்கள், இவருடைய துணைவியும் அதில் ஒருவர். ஆட்டத்தை விற்கவில்லை என்றே அவர் கடைசிவரை சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2015-ல் 10,000 யூரோ அபராதம். 2017 மேல்முறையீட்டில் அதோடு இரண்டு மாதச் சிறைத் தண்டனையும் வந்தது, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை, உள்ளே போகவில்லை.

தேதியைக் கவனியுங்கள். மே மாதம் அந்த ஆட்டம், ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக் தங்கம் (இறுதியில் ஸ்வீடனை 22–21), செப்டம்பர் கடைசியில் போலீஸ் பிடித்தது. ஒரே வருடத்தில் இரண்டும். மோன்ட்பெல்லியேவோடு ஒப்பந்தம் முறிந்து, தம்பி லூகாவோடு எக்ஸ் போய் ஆடினார்.

என் அபிப்பிராயம்? தப்பு. பட்டம் கையில் வந்துவிட்டால் மிச்ச ஆட்டம் சும்மா என்ற நினைப்பு அந்த அணிக்குள் இருந்திருக்கிறது. செசோன் வீரனுக்கு அது சும்மா ஆட்டம் இல்லையே. லோக்கல் டோர்னமென்டில் எங்களிடம் ஒரு பெரிய அணி அப்படித்தான் விளையாட்டுக்கு ஆடியது, நாங்கள் ஜெயித்தோம், ஜெயித்த சந்தோஷமே வரவில்லை. அவர் ஆட்டத்தை நான் இத்தனை ரசிப்பதற்கு இந்தக் கறை தடை இல்லை என்று சொன்னால் அது பொய். தடைதான். அதையும் வைத்துக்கொண்டுதான் ரசிக்கிறேன்.

22 செப்டம்பர் 2024
பழைய பிவட்:

இல்லை நண்பரே, "எல்லாரும் செய்வதுதானே" என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. மேலே போய் மறுபடி படியுங்கள்.

19 அக்டோபர் 2024
பழைய பிவட்:

ஆயுதபூஜை லீவில் கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வந்து, பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். இவ்வளவு நாள் எல்லாரும் கோல் கணக்கைப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அவர் சாம்பியனாகத் தெரிவது வேறு இடத்தில்.

பிவட் என்றால் என்ன வேலை தெரியுமா? எதிரணியின் தடுப்பு வரிசைக்கு நடுவில், அவர்கள் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆறு மீட்டர் கோட்டை ஒட்டி நிற்பது. மூன்று பக்கமும் இடிப்பார்கள். பனியனைப் பிடித்து இழுப்பார்கள். கெட்டிக்காரத் தடுப்பாளன் இழுக்க மாட்டான். முன்கையை உன் இடுப்புக்குப் பின்னால் வைத்து லேசாகத் தாங்கி நிற்பான். நீயும் உன்னை அறியாமல் அதில் சாய்ந்து நிற்பாய். பாஸ் வரும் நொடியில் கையை எடுத்துவிடுவான். அவ்வளவுதான், நீ பின்பக்கம் சரிவாய், பந்து உன் விரலைத் தொட்டுவிட்டு வெளியே போகும். ரெப்ரிக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

கரபாட்டிச் நடுத் தடுப்பில் நின்று இதைச் செய்வதைப் பார்க்க வேண்டும். கைகள் எப்போதும் மேலே, கால்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில். எறிபவன் கையைத் தூக்கும்போது இவர் குதிப்பதே இல்லை, இரண்டடி முன்னால் போய் அவன் மார்போடு மார்பாக நின்றுவிடுகிறார். எறிய இடமே இல்லை. நிறைய அணிகளில் பெரிய கோல் அடிப்பவர்கள் அடித்துவிட்டு ஓடிப்போய் பெஞ்சில் உட்கார்வார்கள், தடுக்க வேறு ஆள் உள்ளே வருவான். ஹேண்ட்பாலில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம், அதனால் அது வசதி. இவர் தன் உச்சத்தில் இரண்டு பக்கமும் ஆடினார்.

2020 அக்டோபரில் வலது முழங்காலில் லிகமென்ட் அறுந்தது. 36 வயது. நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன்களைக் கேளுங்கள், 20 வயதில் அந்த லிகமென்ட் போனாலே அம்மா "போதும்டா சாமி, படி" என்று சொல்லிவிடுவாள். இவர் அடுத்த ஆகஸ்டில் டோக்கியோ இறுதியில் டென்மார்க்குக்கு எதிராக ஆடி 25–23 என்று தங்கத்தோடு வந்தார். அதற்கப்புறம் தாக்குதலில் நேரம் குறைந்தது, தடுப்பில் கூடியது. இந்த யூரோவில் அவரை வைத்திருந்தது அந்தத் தடுப்புதான்.

ஆக, தம்பி, "டோக்கியோவோடு நிறுத்தியிருக்கலாம்" என்பது கோல் அடிப்பவரைப் பற்றிய வாதம். அடுத்து வந்த மூன்று வருடம் ஆடியது வேறு ஓர் ஆள்.

20 அக்டோபர் 2024
பழைய பிவட்:

நண்டு உவமைக்கு ஆம்பூர் நண்பர் "பிரியாணி நண்டா, ரசம் நண்டா" என்று கேட்கிறார். ஆம்பூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்.

3 நவம்பர் 2024
பழைய பிவட்:

தீபாவளிக்கு மாமா வந்திருந்தார். ராணுவத்தில் இருந்து ரிட்டயர்டு ஆனவர், ஊர் கம்மவான்பேட்டை பக்கம். அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு ஹேண்ட்பால் என்ற பெயரையே முதலில் சொன்னது அவர்தான். லீவில் வந்தபோது ஒரு பந்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். வாலிபாலை விடச் சின்னது, கையில் அடங்குகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. இந்தியாவில் இந்த ஆட்டத்தை ராணுவமும் ரயில்வேயும் இல்லாமல் பேசவே முடியாது. தேசியப் போட்டிகளில் சர்வீசஸ் அணி எப்போதும் முன்வரிசை.

அவரிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். நிறுத்தியிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அவர், "சம்பளம் குடுத்தாங்களா?" என்றார். கொடுத்தார்கள் மாமா, பி.எஸ்.ஜி. நிறையவே கொடுத்தது. "அப்புறம் எதுக்குடா நிறுத்தணும்? என்னையெல்லாம் முப்பதுல யூனிட் டீமை விட்டு எடுத்தாங்க. நானா நிறுத்தினேன்?"

அதைக் கேட்டதிலிருந்து ஒன்று உறுத்துகிறது. என்னோடு ஆடியவர்களை மனதில் ஓட்டிப் பார்த்தேன். லெப்ட் பேக் ஒருவன், இடது காலில் எம்பினால் காற்றில் ஒரு நொடி நிற்பான், போலீசில் சேர்ந்தான். விங் ஆடியவன் ராணுவம். கோலி வெளிநாடு. நான் ஷூ கம்பெனி. ஒருவன்கூட தானாக "இன்றோடு போதும்" என்று சொல்லி நிற்கவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா சர்டிபிகேட் கைக்கு வந்தால் நின்றது, வராது என்று தெரிந்தாலும் நின்றது. சர்டிபிகேட்டை லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்தார்கள், அதற்கப்புறம் பந்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

என் விஷயத்தில் மாநில அணித் தேர்வு வரை போனேன். பட்டியலில் பெயர் இருக்கிறது என்றார்கள், பஸ் ஏறும் அன்று இல்லை என்றார்கள். எந்த அலுவலகம், யார் என்பதெல்லாம் இப்போது எதற்கு. மாநில அணிக்கு ஆடிய சர்டிபிகேட் கிடைத்திருந்தால் அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மனுப் போட்டிருப்பேன், போட்ட அன்றைக்கே ஹேண்ட்பாலையும் விட்டிருப்பேன். அந்த நேர்மை எனக்கு உண்டு.

4 நவம்பர் 2024
பழைய பிவட்:

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். ரொம்ப அழுதுவிட்டேன் போலிருக்கிறது. போலீசில் சேர்ந்தவன் போலீஸ் அணிக்கு ஆடினான் பல வருடம், அவன் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். அது தோல்வி இல்லை. ஹேண்ட்பால் அவனுக்குச் சோறு போட்டது. சொல்லப்போனால் கரபாட்டிச்சுக்கும் அதேதான் போட்டது, தட்டு மட்டும் பெரிது.

16 நவம்பர் 2024
பழைய பிவட்:

சத்துவாச்சாரி நண்பர் சதீஷ் சிவலிங்கத்தை இழுத்துவந்திருக்கிறார். நம்ம ஊர்ப் பளு தூக்கும் வீரர், 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட், இரண்டு காமன்வெல்த்திலும் 77 கிலோ பிரிவில் தங்கம். "நம்மிடமும் சாம்பியன் இருக்கிறார், ஏன் பிரான்சுக்குப் போகிறீர்கள்" என்கிறார்.

இருக்கிறார், பெருமைதான். 2018-ல் தொடை வலியோடு தூக்கினார் என்பதும் தெரியும். அவர் அப்பாவும் பளு தூக்கியவர், ராணுவத்தில் இருந்தவர். பிராங்கோ கரபாட்டிச் மகனுக்குக் கொடுத்ததும் அதே மாதிரி ஒரு வீடுதான். ஆனால் பளு தூக்க ஒரு அப்பா, ஒரு ஜிம், ஒரு கம்பி போதும். ஹேண்ட்பாலுக்கு ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் களத்தில் வேண்டும், பெஞ்சில் இன்னும் ஏழு பேர், எதிரில் அதே தரத்தில் ஒரு அணி, அதுவும் ஒவ்வொரு வாரமும். 2023-ல் ஜெய்ப்பூரில் பிரீமியர் ஹேண்ட்பால் லீக் நடந்ததே, ஆறு அணிகள். மகாராஷ்டிரா ஜெயித்தது. உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், குஜராத், டெல்லி, பக்கத்தில் தெலுங்கு அணி. தமிழ்நாடு பெயரில் ஒன்று இல்லை. சித்தூர் இங்கிருந்து ஒரு மணி நேரம், அதனால் நான் தெலுங்கு அணிக்குக் கைதட்டினேன்.

7 டிசம்பர் 2024
பழைய பிவட்:

ஷூ பற்றிக் கேட்ட தம்பிக்கு. எம்பி விழும்போது முழு எடையும் ஒரு காலின் முன்பாதத்தில் இறங்கும். வலது கைக்காரனுக்குப் பெரும்பாலும் இடது கால்தான் எம்பும் கால். என் பழைய ஷூவில் இடது பெருவிரலுக்குக் கீழே அட்டை தேய்ந்து ஓட்டை விழும், வலது ஷூ புதுசாகவே இருக்கும். உள்ளரங்கத்துக்குக் கம் சோல் (ரப்பர் அடி) சரி. நம்ம மண்ணில் அது வழுக்கும், பாலிஷ் போட்ட மாதிரி. மண்ணுக்கு லேசாகக் கட்டை வைத்த சோல் எடுங்கள். ராணிப்பேட்டையில் நாங்கள் தைப்பதெல்லாம் ஐரோப்பாவுக்குப் போகும் லெதர் ஷூ. அதைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம், தடுப்பாட முடியாது.

3 பிப்ரவரி 2025
பழைய பிவட்:

உலகக் கோப்பை நேற்று முடிந்தது. ஆஸ்லோவில் டென்மார்க் குரோஷியாவை 32–26. தொடர்ந்து நான்காவது முறை, கேட்கவே பயமாக இருக்கிறது. பிரான்ஸ் போர்ச்சுகலை 35–34 என்று வீழ்த்தி வெண்கலம். கரபாட்டிச் ஓய்வுபெற்ற பிறகு வந்த முதல் பெரிய போட்டி.

குடியாத்தம் தம்பி எழுதியிருக்கிறார்: "பார்த்தீர்களா, அவர் இல்லாமலும் மெடல் வருகிறது." வரத்தான் செய்யும். அவர் இல்லாவிட்டால் கூரை இடிந்து விழும் என்று நான் எப்போது சொன்னேன்? 2012 ஜனவரி யூரோவில் அவர் இருந்தும் பிரான்ஸ் பதினோராம் இடம், அதே வருடம் ஒலிம்பிக் தங்கம். ஓர் ஆளை வைத்து ஏழு பேர் ஆட்டத்தைக் கணக்குப் போட முடியாது.

ஆகஸ்டில் 24 வயதுக்காரனைப் பற்றி எழுதினேன் இல்லையா, அதை மட்டும் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறேன். பாரிசுக்கு அவர் பெயருக்காகவும்தான் அழைத்துப் போனார்கள் என்று இப்போது தோன்றுகிறது. யூரோ வரை அவர் இடம் ஆட்டத்தால் கிடைத்தது. ஒலிம்பிக்கில் பாதி ஆட்டத்தால், பாதி சொந்த மண்ணில் ஒலிம்பிக் என்பதால். அப்படி அழைத்தது குற்றமா என்றால், இல்லை என்பேன். நீங்கள் ஆம் என்பீர்கள். இதற்கு மேல் இதில் அரைக்க மாவு இல்லை.

8 பிப்ரவரி 2025
பழைய பிவட்:

பேரணாம்பட்டுப் பள்ளியில் வேலை பார்க்கும் பி.டி. மாஸ்டர் ஒருவர் கேட்டிருக்கிறார், பையன்களுக்குப் போட்டுக்காட்ட அவருடைய ஒரே ஓர் ஆட்டம் சொல்லுங்கள் என்று.

கோல் மழை வேண்டாம் சார். 2009 உலகக் கோப்பை இறுதி, ஜாக்ரெப். பிரான்ஸ் 24, குரோஷியா 19. போட்டி நடத்தும் நாடு, அப்பாவின் நாடு, அரங்கம் முழுக்க எதிராக விசில். அந்தக் குரோஷியாவை 60 நிமிடத்தில் 19 கோலோடு நிறுத்தினார்கள். நடுவில் தடுப்பாளர் தினார், பக்கத்தில் இவர், பின்னால் கோலில் ஓமெயர். பையன்களை இரண்டாகப் பிரியுங்கள். பாதிப் பேர் பந்தைப் பார்க்கட்டும், மீதிப் பேர் பிரான்ஸ் தடுக்கும்போது 13-ம் நம்பரின் காலை மட்டும் பார்க்கட்டும். பந்து அந்தப் பக்கம் இருந்தாலும் கால் நிற்காது. அதைப் பார்த்த பையனைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிராஜெக்டர் இல்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் தெருவில் கேபிள்காரரிடம் ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை வாங்கித் தருகிறேன்.